கறுப்புக் கண்ணாடி வீடு

பச்சையம்மாளுக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை வாசல் தெளிப்பது அல்ல, கண்ணாடி துடைப்பது. மற்ற வீடுகளுக்கு முன்பக்கம் சுவர் இருக்கும், சுவருக்கு நடுவே ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் இருக்கும். இந்த வீட்டுக்குத் தரையிலிருந்து கூரை வரைக்கும் கறுப்புக் கண்ணாடிதான். கதவும் கண்ணாடி, கதவுக்கு இந்தப் பக்கமும் கண்ணாடி, அந்தப் பக்கமும் கண்ணாடி. விடிந்து பார்த்தால் அதில் ஊர்ப்பட்ட கைத்தடம் இருக்கும். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்கு ஒன்று அதில் தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும். உள்ளே இருக்கிற குரங்கும் பதிலுக்குப் பல்லைக் காட்டியதும் ரோஷம் வந்து, கண்ணாடி முழுக்க எச்சிலைப் பூசி வைத்துவிட்டுப் போகும். தண்ணீர் விட்டுத் துடைத்தால் கோடு விழுகிறது, துணியால் துடைத்தால் நூல் ஒட்டுகிறது. பழைய பேப்பரைக் கசக்கித் துடைக்க வேண்டும் என்று மகன் சொல்லிக்கொடுத்திருந்தான். சொல்லிக்கொடுத்ததோடு சரி, ஒருநாள் கூட அவன் துடைத்ததில்லை.

குரங்காவது பரவாயில்லை, வாயில்லாப் பிராணி. மனிதர்கள் தொல்லைதான் தாங்க முடியவில்லை. வீடு திருப்பதியில் கபிலதீர்த்தம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. சந்து முழுக்க லாட்ஜுகள். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் அறைக்குப் போகிற வழியில் இந்தக் கண்ணாடியைக் கண்டால் நின்றுவிடுவார்கள். புதிதாக மொட்டை போட்டவனுக்குத் தன் தலையை எத்தனை தடவை பார்த்தாலும் ஆசை தீராது போலிருக்கிறது. உள்ளே பச்சையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். வெளியே, ஒரு முழம் தள்ளி, முன்பின் தெரியாத ஆள் ஒருவன் தலையைக் குனிந்து பார்ப்பான், சந்தனத்தைத் தடவுவான், பின்மண்டையைப் பார்க்கக் கழுத்தைத் திருகித் தோற்றுப்போவான், கடைசியில் பல்லிடுக்கை நோண்டுவான். பகல் வெளிச்சத்தில் வெளியே நிற்பவனுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. உள்ளே ஒருத்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. ஒருநாள் மொட்டை போட்ட ஒரு சின்ன வயசுப் பெண் வந்து நின்று, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பச்சையம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே அடுப்பும் கறுப்புக் கண்ணாடி.

எல்லாம் மகன் ஹரிபிரசாத்தின் திருவிளையாடல் என்பது அவள் கட்சி. ரேணிகுண்டா ரோட்டில் அவனுக்கு அலுமினியம், கண்ணாடிக் கடை. ஊரெல்லாம் ஓட்டலுக்கும் நகைக்கடைக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன், போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டும்போது தன் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. முதலில் முன்பக்கம் வந்தது. அப்புறம் சாப்பாட்டு மேஜை வந்தது. அப்புறம் குளியலறைக் கதவு. போதாததற்கு அப்பனுடைய வண்டிக் கண்ணாடிக்கும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். மலையடிவாரத்து அலிபிரி செக்போஸ்டில் போலீஸ்காரர்கள் அதை உரித்துப் போடுவார்கள், இவன் மறுபடி ஒட்டுவான். அவர்களும் சளைக்கவில்லை, இவனும் சளைக்கவில்லை.

அப்பன் வேங்கடாசலம் வெதுருகுப்பத்திலிருந்து மீசை முளைக்காத வயசில் திருப்பதிக்கு வந்தவர். மலைக்கு டாக்ஸி ஓட்டியே மகனைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்தார். மலைப்பாதையில் ஒரு கீறல் வாங்கியவரில்லை. சென்னையிலும் வேலூரிலும் உள்ள குடும்பங்கள் வேங்கடாசலம் வண்டிதான் வேண்டும் என்று போன் பண்ணிக் கேட்டு வரும். அவரும் சமீபகாலமாகக் கூலிங் கிளாஸ் போட ஆரம்பித்திருந்தார். வெயிலுக்குப் போட்டால் சரி. மனுஷன் சாயந்திரம் காபி குடிக்கும்போதும் போட்டுக்கொண்டிருந்தார். கண் கூசுகிறதாம்.

கண்ணாடி வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் எங்கேயாவது அடிபட்டிருந்தது. பச்சையம்மாள் சாத்தியிருந்த கதவைத் திறந்திருப்பதாக நினைத்து நெற்றியை வீங்கவைத்துக்கொண்டாள். மருமகள் கௌசிகா கால் விரலை இடித்துக்கொண்டாள். ஹரிபிரசாத்தே ஒருநாள் மேஜைமுனையில் இடுப்பைக் கொடுத்துவிட்டு, அம்மா பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தான். ஆனால் எல்லோரையும்விட அதிகமாக முட்டிக்கொண்டவர் வேங்கடாசலம்தான். அவருடைய முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு புதுச் சிராய்ப்பும் ஒரு பழைய தழும்பும் இருந்தன. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் பச்சையம்மாள் மகனிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் ராகிக் களியும் வேர்க்கடலைத் துவையலும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேங்கடாசலம் சொம்பை எடுக்கக் கை நீட்டினார். சொம்பு அவர் இடது கைப்பக்கம் இருந்தது. கை எங்கேயோ போய் சொம்பைத் தட்டிவிட, தண்ணீர் மேஜையெல்லாம் ஓடிக் கௌசிகாவின் மடியில் கொட்டியது. அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். சட்டென்று எழ முடியாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

பச்சையம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “பாத்தியாடா? ரெண்டு கண்ணும் நல்லா கீற மனுசன் சொம்பு எங்க கீதுன்னு தடவிக்கினு கீறாரு. கறுப்பு மேஜ மேல சொம்பு கீதா, சோறு கீதான்னு யாருக்குடா தெரியும்?”

ஹரிபிரசாத் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தான். “லைட்டு போட்டுக்கம்மா.”

“வெளிய சித்திர மாசத்து வெயிலு மண்டயப் பொளக்குது. உள்ள பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கினு துன்னணும். எந்த ஊரு நாயம்டா இது? எங்க அம்மா வூடு கூரை வூடு. அதுல கூட எனுக்கு என் கையி தெரிஞ்சிது.”

“எல்லாரும் இப்ப இப்டித்தாம்மா போட்றாங்க. ஏசி நிக்கும்.”

“ஏசி நிக்கும், மனுசன்தான் நிக்க மாட்டான். உழுந்துடுவான்.”

“அத்த, நீங்க துன்னுங்க மொதல்ல,” என்றாள் கௌசிகா, புடவையைப் பிழிந்தபடி. அவள் சாந்திபுரத்துப் பெண். யார் பக்கமும் பேசாமல் பிழைக்கத் தெரிந்தவள்.

வேங்கடாசலம் கூலிங் கிளாஸைக் கழற்றாமலே சிரித்தார். “வுடு பச்ச. பையன் ஆசயா போட்டுகீறான். பழகிடும்.”

“உனுக்காகத்தான்யா நான் கத்திக்கினு கீறேன். நீ அவனுக்கு சப்போட்டா?”

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். ஹரிபிரசாத் ஒரு நிமிஷம் அப்பன் முகத்தைப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, அதில் களியைப் போட்டுக்கொண்டான். இவன் கல்லுளிமங்கன், அவர் ஊமைக்கோட்டான், இந்த வீட்டில் வாக்கப்பட்டு நான் என்ன கண்டேன் என்று பச்சையம்மாள் தண்ணீரைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் கோடு விழுந்தது.

சாயந்திரம் எதிர்வீட்டு ரத்னம்மா வந்தாள், கையில் ஒரு கருகிய கொம்போடு.

“ஏமக்கா, மீ அத்தம் நா கரிவேப்பாக்கு செட்டுனி சம்பேசிந்தி,” என்றாள். உன் வீட்டுக் கண்ணாடி என் கறிவேப்பிலைச் செடியைக் கொன்றுவிட்டது என்று கொலைக்கேஸ் போட வந்திருந்தாள். கோபம் இறங்கியதும் தமிழுக்கு மாறினாள். “நாலு மணி வெயிலு உங்க கண்ணாடில பட்டு நேரா நம்ம வாசல்ல அடிக்குதக்கா. ஒரு பக்கம் ஆகாசத்துல சூரியன், இன்னோரு பக்கம் உங்க வூட்டு சூரியன். செடி இன்னா பண்ணும், சொல்லு.”

“என்ன கேக்காத ரத்னம்மா. என் நெத்தியப் பாரு.”

“அப்பால உங்க வூட்டுக்காரரு,” என்று ரத்னம்மா குரலைத் தாழ்த்தினாள். “நேத்து என் வடகத்து மேலயே நடந்து போனாரு. பாய் விரிச்சி வெச்சிருக்கேன், வெள்ள வெளேர்னு வேட்டி போட்டிருக்கேன். அது மேலயே நடக்கறாரு. நான் கூப்ட்டேன், சிரிச்சிட்டுப் போய்ட்டாரு. கோவமா எங்க மேல?”

“அவருக்கு இன்னா கோவம். வண்டி நெனப்புல வந்திருப்பாரு.” வடகத்துக்கு மாற்றாக ஒரு படி அரிசி கொடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு, இருட்டிலேயே கிடந்து வெளியே போகிற மனுஷனுக்கு வெயிலில் கண் தெரியாமல்தானே போகும் என்று அந்தப் பழியையும் கண்ணாடி தலையிலேயே போட்டாள்.

அன்றிரவு அவள் முடிவைச் சொன்னாள். முன்கண்ணாடியைக் கழற்றுகிற வரைக்கும் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. மலையில் அன்னதானம் நடக்கிறது, வேண்டுமானால் வரிசையில் நின்று சாப்பிட்டுக்கொள்ளட்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் கஞ்சி வைப்பாள்.

முதல் நாள் ஹரிபிரசாத் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தான். மறுநாளும் வாங்கி வந்தான். அன்று சாயந்திரம் கௌசிகா அவனை உள்ளே கூப்பிட்டு என்ன சொன்னாளோ, வெளியே வந்து, “நாளைக்கி மத்தியானம் ஆளு இட்டாரேம்மா. இத்த கழட்டிட்டு வெள்ளக் கண்ணாடி மாட்டிடறேன்,” என்றான். சுவர்தான் வேண்டும் என்று பச்சையம்மாள் நினைத்திருந்தாள். சரி, கிடைத்தவரைக்கும் லாபம் என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது தடை. ரசம் கொதிக்கும்போது வேங்கடாசலம் சமையல்கட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வோணாம் பச்ச. இருக்கட்டுமே.”

“இன்னாது இருக்கட்டும்?”

“கண்ணாடிதான். நல்லாதான கீது. குளுகுளுன்னு கீது.”

“யோவ், உன் காலப் பாரு. சொரக்கா சீவன மாதிரி கீது. தெனம் முட்டிக்கிறது நீ. கழட்டு கழட்டுன்னு நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கினு கீறேன். நீ இன்னாடான்னா குளுகுளுங்கற. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனுக்குப் பைத்தியம்தான் புடிக்கப் போவுது.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ கெஞ்சுகிற முகமாக இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை, கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் அவளும் உள்ளறையில் படுத்திருந்த கௌசிகாவும்தான். ஹாலில் தரையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொதித்தது. சேஷாசல மலையின் பாறைச் சூடெல்லாம் சந்துக்குள் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு ஈ காக்கா இல்லை. இன்றோடு இந்தக் கண்ணாடிக்குத் தலைமுழுக்கு என்று அவள் சந்தோஷமாக வெளியே பார்த்தபோது, சந்து முனையில் வேங்கடாசலம் வருவது தெரிந்தது. வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிறார்.

என்ன நடை இது என்று முதலில் தோன்றியது. மனுஷன் வீட்டுக்குள் விசுக்விசுக்கென்று வருகிறவர். இப்போது சுவரோரமாக, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, காலை ஒவ்வொன்றாக வைத்து வந்தார். லாட்ஜ் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. நடுத்தெருவில் இல்லை, ஓரமாகத்தான், அவர் வருகிற பக்கமாக. அதன் கைப்பிடியில் நேராக இடுப்பைக் கொண்டுபோய் இடித்தார். நின்றார். சுற்றுமுற்றும் தலையை முழுசாகத் திருப்பி, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைத் தடவி, அது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு சுற்றி வந்தார்.

பச்சையம்மாளின் கை புளியிலேயே நின்றுவிட்டது.

வீட்டு வாசலில் இரண்டு படி. அவர் செருப்பு முனையால் முதல் படியைத் தேடினார். கிடைத்ததும் ஏறினார். இரண்டாவதையும் அப்படியே தேடி ஏறினார். கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். அவள் எழுந்து நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் முகத்தை நேராகப் பார்த்தார். மொட்டைத்தலைக்காரர்கள் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

அப்புறம் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல்களை ஆட்டிக்கொண்டே கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். கண் மட்டும் கண்ணாடியில் இருந்த தன் மூக்கிலேயே இருந்தது. கை காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்தபோதுதான் முகத்தில் ஒரு அசைவு தெரிந்தது, கை நின்றது. அதை அப்படியே வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தார். வலது கையிலும் அதேபோலச் செய்தார். வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. மறுபடி இடது கை. நேற்றுக்கு இன்று எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறவர் மாதிரி, பழகிய வேலையாக அதைச் செய்தார். இது கண்ணாடியால் வந்ததல்ல. வெளியே உச்சிவெயில், ஊசி விழுந்தால் எடுக்கலாம்.

அவர் கிளாஸை மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கதவைத் தள்ளி உள்ளே வந்தார். “ஸ்ஸ். இன்னா இருட்டுடாப்பா வூடு,” என்றார் வழக்கமான குரலில்.

“யோவ். கண்ணாடியக் கழட்டு.”

“அதான் பையன் ஆளு இட்டாரேன்னானே.”

“வூட்டுக் கண்ணாடி இல்ல. மூஞ்சில கீறத.”

குரலில் என்ன இருந்ததோ, அவர் கழற்றினார். கண் நன்றாகத்தான் இருந்தது. சிவப்பில்லை, பூ விழவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“வெளிய நின்னுக்கினு கைய இப்டி இப்டி ஆட்டினியே, இன்னா அது?”

வேங்கடாசலம் கண்ணாடிப் பக்கம் திரும்பி, மறுபடி அவள் பக்கம் திரும்பினார். “உள்ளேர்ந்து தெரியுமா?”

“தெரியுமாவா? ஒரு வருசமா ஊரான் மொட்டையெல்லாம் பாத்துக்கினுதான கீறேன். தலையில எங்க வெட்டுப்பட்டு கீதுன்னு வரைக்கும் தெரியும்யா.”

“எனுக்கு உள்ளேர்ந்து ஒண்ணியும் தெரியல,” என்றார் அவர். “கறுப்பாதான் கீது. எல்லாருக்கும் அப்டித்தான்னு நெனச்சேன்.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நாற்காலி எங்கே என்று கையால் பார்த்து உட்கார்ந்தார். இப்போது அந்தக் கை தேடுவதை அவள் மறைக்காமல் பார்த்தாள்.

“எத்தினி நாளா?”

“ரெண்டு மூணு வருசம் இருக்கும். மொதல்ல ஓரத்துல ரவ மங்கலா இருந்துச்சி. அப்பால கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கினு வருது. வலி இல்ல, எரிச்சல் இல்ல.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“போனா வண்டி ஓட்டக் கூடாதும்பாங்க.”

“அதுக்கு? அதுக்கு இந்த ஹரிப்பய வூட்டயே இருட்டாக்கி வெச்சான் பாரு, அவன…”

“அவன ஒண்ணியும் சொல்லாத பச்ச. அவன் மேல தப்பில்ல. கண்ணாடி போடச் சொன்னது நான்.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“மேஜையும் நான்தான் கேட்டேன். வண்டிக்கி ஸ்டிக்கரும் நான்தான். அம்மா கிட்ட சொல்லாதடா, வெட்டிச் செலவுன்னு கத்துவான்னேன். அவன் எனுக்கு ஸ்டைலு ஆச வந்துட்டதுன்னு நெனச்சிக்கினான்.” வேங்கடாசலம் கிளாஸின் காதுகளை மடக்கி விரித்தார். “புதுசா கட்டற வூடு. வெளிச்சமா கட்டினா நான் மட்டும்தான் முட்டிக்கினு நிப்பேன். ஒருநாள்ல நீ கண்டுபுடிச்சிடுவ. இருட்டு வூட்ல எல்லாரும்தான முட்டிக்கிறாங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இந்த மனுஷன் பூசணிக்காயை மறைக்க ஒரு வீட்டையே கட்டியிருக்கிறார். வருஷம் பூராவும் அவள் மகனை வைதிருக்கிறாள். தின்கிற சோற்றில் கைவைக்கவிடாமல் வைதிருக்கிறாள். கடங்காரன், அவனும் வாயைத் திறக்கவில்லை. யாரை முதலில் அடிப்பது என்று தெரியாமல் அவள் புளியைக் கூடையோடு தள்ளினாள்.

அந்த நேரத்துக்கென்று ஹரிபிரசாத் இரண்டு ஆட்களோடும் ஒரு மினி லாரியில் வெள்ளைக் கண்ணாடியோடும் வந்து சேர்ந்தான். சத்தம் கேட்டுக் கௌசிகாவும் எழுந்து வந்தாள். கேட்டு முடித்ததும் ஹரிபிரசாத் அப்பன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “நைனா, சொல்லக் கூடாதா நைனா,” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

பச்சையம்மாளுக்கு அப்போதுதான் பெரிய கேள்வி வந்தது. இவ்வளவு நேரம் அது வராமல் இருந்ததே அவளுக்கு அதிசயமாக இருந்தது. “யோவ். அப்ப மலைக்கி எப்டி வண்டி ஓட்ற?”

“நேரா தெரியுது. நடுவுல நல்லாவே தெரியுது. பஸ்ஸு பின்னாலயே போவேன். அது திரும்பினா திரும்புவேன். ரோடு எனுக்கு காலுக்கே தெரியும்.”

“சைடுல வண்டி வந்தா?”

“ஆரன் கேக்குமில்ல.”

“ஸ்டிக்கர் வேற ஒட்டிக்கினு கீற.”

“பக்கத்துலதான் எனுக்கு ஒண்ணும் தெரியலயே. கறுப்பா இருந்தா இன்னா, வெள்ளயா இருந்தா இன்னா.”

கௌசிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தையில் அவளுக்கு நாள் தள்ளியது உறுதியானதும், ஒரு தடவை ஏழுமலையானைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று குடும்பமே அந்த வண்டியில்தான் மலைக்குப் போனது. பச்சையம்மாள் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

“எறங்கும்போது நான் தூங்கிக்கினு வந்தேன்யா,” என்றாள். “நீ ஓட்றன்னு தைரியமா தூங்கிக்கினு வந்தேன்.”

“தெரியும். கொறட்ட வுட்ட.” வேங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டார். “அத்த கேட்டுக்கினுதான் ஓட்டினேன். நீ முழிச்சிக்காத வரைக்கும் சரியா போய்க்கினு கீறேன்னு அர்த்தம்.”

வாசலில் நின்ற ஆட்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, “அன்னா, தீசேயமண்டாரா?” என்று, கழற்றிவிடலாமா என்று தெலுங்கில் கேட்டான்.

“கழட்டு,” என்றாள் பச்சையம்மாள். “வண்டி ஸ்டிக்கரயும் மேஜையயும் சேத்துக் கழட்டு. சாவியக் குடுய்யா.”

அவர் சண்டை போடவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவள் கை எங்கே என்று கொஞ்சம் தேடி, வைத்தார். அதில் பெருமாள் படம் போட்ட வளையம் தேய்ந்து வெறும் தகடாக இருந்தது. “நாளைக்கி காலம்பர ஆம்பூர்லேர்ந்து ஒரு குடும்பம் வருது. சின்னப் பசங்க கீறாங்க,” என்றார்.

“ஸ்டாண்டுல கீற கங்கையாவுக்குப் போன் பண்ணு. அவரு இட்டுக்கினு போவட்டும்.”

“இன்னான்னு சொல்றது?”

“கண்ணு தெரியலன்னு சொல்லு. வேற இன்னா சொல்லுவ?”

அவர் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். கண் தெரியவில்லை என்று சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்றார். பச்சையம்மாள் அதை விட்டுவிட்டாள்.

ஆட்கள் முதல் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்தபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஹாலில் வெயில் விழுந்திருந்தது. மேஜைக்கடியில் ஒரு வருஷத்துத் தூசி, சுவரில் அவர் கைபட்டுக் கைபட்டு ஒரே உயரத்தில் படிந்த அழுக்குக் கோடு, எல்லாம் தெரிந்தது. கூடவே வருகிறேன் என்ற மகனிடம், ஆட்களையும் பிள்ளைத்தாய்ச்சியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புருஷனை ஆட்டோவில் ஏற்றினாள்.

கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னார்கள், இருட்டு அறையில் ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பச்சையம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் சத்தம் ரொம்ப நேரத்துக்கு ஒருதரம்தான் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

டாக்டர் சின்னப் பெண். நல்ல தமிழ் பேசினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, பக்கப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சமிருக்கிற நடுப்பார்வையைத் தினமும் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றாள். வண்டி ஓட்டவே கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் பச்சையம்மாளைப் பார்த்து, “இவ்வளவு தூரம் போற வரைக்கும் வீட்ல யாருமே கவனிக்கலையாம்மா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

“வூடு இருட்டா இருந்துச்சும்மா,” என்றாள் பச்சையம்மாள். சொன்னதும் அவளுக்கே அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. ஆட்டோ நெரிசலில் புகுந்து புகுந்து போயிற்று. வேங்கடாசலம் இத்தனை வருஷத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. முன்னால் போகிற பஸ் நின்றால் அவருடைய வலது கால் ஆட்டோவின் தகரத் தரையை அழுத்தியது. பஸ் கிளம்பினால் கால் எழுந்தது. “அவன் ஓட்டுவான், நீ சும்மா குந்து,” என்றாள் பச்சையம்மாள். அவர் சரி என்றார். அடுத்த சிக்னலில் கால் மறுபடி அழுத்தியது. எப்படியும் பழக நாளாகும் என்று அவள் விட்டுவிட்டாள். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

லீலா மஹால் திருப்பத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி, ஆட்டோவை உரசுகிற மாதிரி உள்ளே ஏறியது. ஆட்டோக்காரன் பிரேக்கை மிதித்து, தெலுங்கில் அவன் அம்மாவை இழுத்தான். பச்சையம்மாள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். லாரியின் சக்கரம் அவர் முட்டிக்கு எதிரே, எட்டித் தொடுகிற தூரத்தில், சேறு வழிய நின்றது.

வேங்கடாசலத்தின் கால் அசையவே இல்லை.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாத்துக்குப் பச்ச நிறுத்திட்டான்?”

“லாரி.”

“எங்க?” என்றார்.